கூடாரத்துக்கு உள்ள உரிமை மோட்டார்ஹோமுக்கு இல்லை: ஸ்காட்லாந்தின் வடகரையில் ஓர் இரவு

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பின்னால் தெரிவது ஸ்காட்லாந்தின் வடகரை. டர்னெஸ் என்ற சிற்றூருக்குச் சற்றுத் தொலைவில், கடலை ஒட்டிய ஒரு சிறிய கார் பார்க்கில் மோட்டார்ஹோமை, அதாவது படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டியை, நிறுத்தியிருக்கிறேன். இரவு 9 மணி ஆகியும், ஜூன் மாதம் என்பதால் விளக்கில்லாமலேயே புத்தகம் படிக்கலாம் போலிருக்கிறது. இங்கேயே இரவு தங்குவதா, கிளம்பிவிடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

"ஸ்காட்லாந்தில் எங்கு வேண்டுமானாலும் தங்கலாமாமே, சட்டமே இருக்கிறதாமே" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. சட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் தருகின்ற அந்த உரிமை, நடந்தோ சைக்கிளிலோ வந்து கூடாரம் போடுபவருக்கு உரியது. மோட்டார் வாகனத்தை அந்தச் சட்டம் பெயர் சொல்லியே விலக்கிவைத்திருக்கிறது. 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில், அனுமதியின்றிச் சாலையை விட்டு வண்டி ஓட்டுவதைத் தடுக்கும் பிரிவில், வண்டியை நிறுத்துவதற்காக மட்டும் சாலையிலிருந்து 15 கஜம், அதாவது ஏறக்குறைய 14 மீட்டர், உள்ளே ஓட்டிச் சென்றால் அந்தப் பிரிவின்படி குற்றமாகாது என்று ஒரு வரி வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுபவர்களை நான் சந்தித்திருக்கிறேன். குற்றமில்லை என்பதற்கும் உரிமை உண்டு என்பதற்கும் உள்ள தூரம் 15 கஜத்தைவிட அதிகம். நிலத்துக்குச் சொந்தக்காரர் வந்து போகச் சொன்னால் போகத்தான் வேண்டும்.

இன்வர்னெஸ் நகரில் தொடங்கி, இந்த வடகரை வழியாகச் சென்று, அங்கேயே முடியும் 516 மைல் சுற்றுப்பாதைக்கு 2015இல் 'நார்த் கோஸ்ட் 500' என்று பெயர் சூட்டி விளம்பரப்படுத்திய பிறகு, இந்தச் சாலைகளில் வண்டிகள் பெருகிவிட்டன. ஊர்க்காரர்களின் எரிச்சலுக்கு முதற்காரணம் வண்டிகளின் எண்ணிக்கை என்று நான் நினைக்கவில்லை. கழிவறைதான் காரணம்.

வெட்கப்படாமல் பேசிவிடுவோம். மோட்டார்ஹோமின் கழிவறைக்கு அடியில் கசெட் என்ற பெட்டி இருக்கும். 20 லிட்டருக்கு உட்பட்ட அந்தப் பெட்டி இருவர் பயன்படுத்தினால் இரண்டு மூன்று நாள்களில் நிரம்பிவிடும். அதைக் காலிசெய்வதற்கென்றே, கூடாரங்களும் இத்தகைய வண்டிகளும் தங்குவதற்காக அமைந்த கேம்ப்சைட்டுகளிலும் வேறு சில இடங்களிலும் தனித்தொட்டி உண்டு. அதுவரை பொறுக்க முடியாதவர்கள் சாலையோரப் பொதுக்கழிப்பறையில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். நகரத்தில் அது பாதாளச் சாக்கடைக்குப் போய்விடும். இங்கே பல கழிப்பறைகளுக்கு செப்டிக் டேங்க்தான். நாம் கசெட்டில் ஊற்றுகின்ற நீல நிற மருந்தின் வேலையே கிருமிகளைக் கொல்வது என்பதால், கழிவைச் சிதைத்துக்கொண்டிருக்கும் நுண்ணுயிர்களையும் அது சேர்த்தே கொன்றுவிடுகிறது. பிறகு தொட்டி நாறும், கழிப்பறையை மூட வேண்டிவரும், அடுத்து வருபவர் புதருக்குப் பின்னால் ஒதுங்குவார். பாத்திரம் கழுவிய நீரையும் குழாயைத் திறந்துவிட்டுச் சாலையோரத்தில் வடியவிடக் கூடாது. குடிநீர்க் குழாயில் கசெட்டை அலசுபவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் வாயில் நல்ல வார்த்தை வராது.

அடுத்தது ஒற்றைத் தடச் சாலை. எதிர்வரும் வண்டிக்கு வழிவிடுவதற்காக ஆங்காங்கே 'பாஸிங் பிளேஸ்' என்ற பலகையோடு சாலையை அகலப்படுத்தியிருப்பார்கள். கடல் அழகாகத் தெரிகிறது என்பதற்காக அதில் வண்டியைப் போட்டுத் தூங்குவது, நடு இரவில் வரக்கூடிய ஆம்புலன்ஸை மறித்துக்கொண்டு தூங்குவதற்குச் சமம். வயல் வாசற்கதவின் முன்னாலும் நிறுத்தாதீர்கள். விவசாயியின் டிராக்டர் விடியற்காலையிலேயே வந்துவிடும்.

எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. முதல் பயணத்தில், இதேபோன்ற ஒரு கார் பார்க்கில் பக்கவாட்டுப் பந்தலை விரித்து, நாற்காலிகளை வெளியே போட்டு, அடுப்பில் சாம்பாரைக் கொதிக்கவிட்டிருந்தேன். நாயோடு நடந்து வந்த ஒரு முதியவர் சாம்பாரின் வாசனையைப் பாராட்டிவிட்டு, "நீங்கள் வண்டியை நிறுத்தியிருக்கிறீர்களா, குடியேறியிருக்கிறீர்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அன்றிலிருந்து கேம்ப்சைட்டுக்கு வெளியே நான் பந்தலை விரிப்பதில்லை. இருட்டுகின்ற நேரத்தில் வந்து, சமையலை உள்ளேயே முடித்து, ஜெனரேட்டர் போடாமல், காலையில் பிறர் வருவதற்கு முன் கிளம்பிவிடுகிறேன்.

அதோ அந்தப் புல்வெளியைப் பாருங்கள். சிப்பித்தூள் கலந்த மணலில் வளர்கின்ற இந்தப் புல்வெளிக்கு மாஹர் என்று பெயர். உலகில் ஸ்காட்லாந்து, அயர்லாந்து கரைகளில் மட்டுமே இது உண்டு. நம் ஊர் ஆட்காட்டியின் உறவுப் பறவையான லாப்விங் இதன் தரையிலேயே முட்டையிடுகிறது. சக்கரத் தடங்கள் இரண்டு அதன்மேல் ஏறி இறங்கியிருப்பது கேமராவில் தெரிகிறதா? மழையில் புதைந்து, அப்புறம் எஞ்சினை உறுமவிட்டு வெளியேறியிருக்கிறார்கள்.

இந்தக் கார் பார்க்கில் ஆறு கார்கள் நிற்கலாம். நான் வந்தபோது காலியாக இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கேம்பர்வேன்கள் வந்து சேர்ந்துவிட்டன. நானும் தங்கினால், காலையில் கடலில் குளிக்க வரும் ஊர்க்காரருக்குப் போதிய இடம் இருக்காது. நிரம்பிவிட்டது என்று காட்டும் என் கசெட்டின் சிவப்பு விளக்கும் மாலையிலிருந்தே எரிந்துகொண்டிருக்கிறது. ஆகவே டர்னெஸில் உள்ள கேம்ப்சைட்டுக்குப் போகிறேன்; இடம் கிடைத்ததா என்பதை நாளைய காணொளியில் சொல்கிறேன்.