ஒரு ‘முத்து’ தண்ணீர்

(மஃரிபுக்குப் பின் பள்ளிவாசலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அஸ்ஸலாமு அலைக்கும். பெரியோர்களே, சகோதரர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே,

போன வாரம் ஒரு வேலை செய்து பார்த்தேன். ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுதல்) செய்யும் இடத்தில் குழாய்க்கு அடியில் வாளி ஒன்றை வைத்துவிட்டு, வழக்கம்போல் ஒளு செய்தேன். முடித்துவிட்டுக் குனிந்து பார்த்தால் வாளியில் பாதிக்கு மேல் தண்ணீர். நான் ஈரக் கையால் தலையைத் தடவி மஸ்ஹு செய்துகொண்டிருந்த நேரத்திலும் குழாய் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதானே இருந்தது! பாங்கு சொல்லும் மோதினார் எட்டிப் பார்த்தார். “ஹஜ்ரத், இந்தத் தண்ணியில நான் வராண்டாவையே கழுவிடுவேனே” என்றார். சொன்னபடி கழுவியும் விட்டார். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. ஒளுவைப் பற்றி இருபது வருடமாக பயான் (சொற்பொழிவு) செய்கிற ஆள் நான்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு தண்ணீரில் ஒளு செய்தார்கள்? நபித்தோழர் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) புகாரி என்ற தொகுப்பில் இருக்கிறது. ஒரு ‘முத்து’ தண்ணீரில் ஒளு செய்வார்கள். ஒரு ‘ஸாஉ’ முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளிப்பார்கள். இந்த முத்து கடலில் எடுக்கிற முத்தல்ல. நடுத்தரமான ஒரு மனிதர் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினால் எவ்வளவு கொள்ளுமோ அந்த அளவு. நான்கு முத்து சேர்ந்தால் ஒரு ஸாஉ. இன்றைய கணக்கில் ஒரு முத்து என்பது முக்கால் லிட்டர் அளவு. ஹனஃபி மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) கணக்கில் இன்னும் கொஞ்சம் கூடும், ஒரு லிட்டர் பக்கம் வரும். துல்லியமாகக் கணக்குப் பார்க்க வேண்டாம். ஏழெட்டு டீ கிளாஸ் தண்ணீர், அவ்வளவுதான்.

“அது அந்தக் காலம், நமக்குப் போதுமா?” என்று ஒருவர் மனதுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அந்தக் கேள்வியை அந்தக் காலத்திலேயே ஒருவர் கேட்டுவிட்டார். நபித்தோழர் ஜாபிர் (ரலி) அவர்களிடம் குளிப்பைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு ஸாஉ போதும் என்றார்கள். “எனக்குப் போதாது” என்றார் ஒரு மனிதர். ஜாபிர் (ரலி) என்ன சொன்னார்கள் தெரியுமா? உன்னைவிட முடி அதிகமாக இருந்தவருக்கு, உன்னைவிடச் சிறந்தவருக்கு (நபியவர்களுக்கு) அது போதுமானதாக இருந்தது! அதற்கு மேல் அந்த மனிதர் வாய் திறந்ததாகத் தெரியவில்லை.

ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் விரயம் செய்யாதே என்ற ஹதீஸை எல்லா மேடையிலும் சொல்வோம். அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருக்கிறது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இன்றைக்கு அதை எடுக்கவில்லை. முத்து ஹதீஸ் ஒன்றே நமக்குப் போதும்.

சரி, தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறேன் என்று அவசர ஒளுவுக்கு ஃபத்வா கொடுத்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். குழாயை முழுசாகத் திறந்துவிடுகிறவரின் குதிகாலைப் பாருங்கள், பல நேரம் காய்ந்துதான் இருக்கும். தண்ணீர் கொட்டுகிற வேகத்தில், எல்லா இடமும் நனைந்திருக்கும் என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் பின்தங்கி வந்தார்கள். அஸர் (மாலைத் தொழுகை) நேரம் நெருக்கிவிட்டது. முன்னால் போன தோழர்கள் அவசர அவசரமாக ஈரக் கையால் காலைத் தடவிக்கொண்டிருந்தார்கள். வந்து சேர்ந்த நபியவர்கள் உரத்த குரலில், “குதிகால்களுக்கு நரகத்தின் கேடுதான்” என்று இரண்டு மூன்று முறை சொன்னார்கள். இன்னொரு முறை ஒருவர் காலில் நகக்கண் அளவு இடம் நனையாமல் இருந்தது. திரும்பிப் போய் ஒளுவை ஒழுங்காகச் செய்துவிட்டு வரச் சொன்னார்கள். நகக்கண் அளவுதான்!

அளந்து ஊற்றுகிறவனுக்குத்தான் எந்த இடம் நனைந்தது, எந்த இடம் நனையவில்லை என்று தெரியும். கையில் சொம்பு இருந்தால் கண் காலில் இருக்கும். குழாய் ஓடினால் கண் செல்போனில் இருக்கும். நேற்று ஒரு தம்பி இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டே வலது காலைக் கழுவியதைப் பார்த்தேன். பெயர் சொல்லவில்லை, முன்வரிசையில்தான் இருக்கிறார்.

நம் பெரியவர்கள் கட்டிய ஹவுளில் (ஒளு செய்யும் தண்ணீர்த் தொட்டியில்) அமர்ந்து ஒளு செய்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். படியில் உட்கார்ந்து கையால் அள்ளி அள்ளிச் செய்ய வேண்டும். மீன் வந்து விரலைக் கடித்துவிட்டுப் போகும். அந்த ஹவுள் பத்து முழ நீளமும் பத்து முழ அகலமும் ஏன் இருந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? அந்த அளவு இருந்தால் அது ஓடும் தண்ணீரின் சட்டத்தைப் பெறும் என்பது ஹனஃபி ஃபிக்ஹு, அதாவது மார்க்கச் சட்டம். நிறமோ சுவையோ வாடையோ மாறாதவரை அது சுத்தம்தான். ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்களுக்கு அளவு வேறு: இரண்டு ‘குல்லா’, ஏறக்குறைய 200 லிட்டர். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் பெண் கொடுத்தவர்கள் போகும்போது அங்கேயுள்ள ஆலிம்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், அருமையாக விளக்குவார்கள். கொத்தனார் கையில் முழக்கோலைக் கொடுப்பதற்கு முன்னால் ஃபிக்ஹு கிதாபைத் திறந்து பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். நாம் ஹவுளை மூடி டைல்ஸ் ஒட்டிக் குழாய் போட்டுவிட்டோம். வசதிதான், குறை சொல்லவில்லை. வயதானவர்களுக்குப் படியில் இறங்க முடியாது. ஆனாலும் அந்த மீன்கள் இல்லாதது எனக்கு ஒரு குறைதான்.

அப்புறம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. மூன்று முறை கழுவுவார், நான்காவது முறையும் கழுவுவார், தொழுகையைத் தொடங்கத் தக்பீர் கட்டப் போய்விட்டு, “வலது முழங்கை நனைந்ததா?” என்று திரும்பி வருவார். இதற்குப் பெயர் பேணுதல் இல்லை, வஸ்வாஸ், வீண் சந்தேகம். ஒரு கிராமவாசி வந்து ஒளுவைப் பற்றிக் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் மும்மூன்று முறை செய்து காட்டினார்கள். இதற்கு மேல் கூட்டுகிறவர் தவறு செய்துவிட்டார், வரம்பு மீறிவிட்டார் என்றார்கள். தொழுகையில் காற்றுப் பிரிந்தது போலச் சந்தேகம் வந்தால்? சத்தத்தைக் கேட்கும்வரை, அல்லது வாடையை உணரும்வரை தொழுகையை விட்டுப் போக வேண்டாம். சந்தேகத்தால் உறுதி கலையாது என்ற பெரிய சட்ட விதிக்கே இந்த ஹதீஸ் ஓர் அடித்தளம்.

தண்ணீரே இல்லாவிட்டால்? நபித்தோழர் அம்மார் (ரலி) அவர்களுக்கு ஒரு பயணத்தில் குளிப்புக் கடமையாகிவிட்டது, தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாதபோது ஒளுவுக்குப் பதில் மண் என்றால் குளிப்புக்கு உடம்பு முழுக்க மண் வேண்டுமல்லவா என்று அவர்களே கணக்குப் போட்டு, மிருகம் புரளுவதுபோல் மண்ணில் புரண்டு எழுந்தார்கள்! நபி (ஸல்) அவர்களிடம் வந்து சொன்னபோது, “இப்படிச் செய்தாலே உமக்குப் போதுமே” என்று இரண்டு கைகளையும் தரையில் அடித்து, ஊதி, முகத்திலும் கைகளிலும் தடவிக் காட்டினார்கள். ஊதினார்கள் என்பதைக் கவனியுங்கள். முகத்தில் மண் அப்பிக்கொள்ளக்கூட அவசியமில்லை.

இஷா என்ற இரவுத் தொழுகைக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. நபித்தோழர்களான ஸஹாபாக்கள் இஷாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும்போது தலை தொங்கித் தூங்கி விழுவார்கள். பிறகு எழுந்து ஒளு செய்யாமலே தொழுவார்கள் என்று ஹதீஸில் வருகிறது. ஆகவே உட்கார்ந்தபடியே என் பயானைக் கேட்டுத் தூங்கியவர்கள் பயப்பட வேண்டாம். காலை நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டவர்கள் மட்டும் எழுந்து ஒளு செய்யப் போங்கள். குழாயடியில் மோதினார் நாலைந்து சொம்பு வாங்கி வைத்திருக்கிறார்.