நாலாவதாக வந்தவள்

வணக்கம் நேயர்களே. நான் பதக்கம் வாங்கிய வீராங்கனை எல்லாம் இல்லை. நாற்பது வயதுக்கு மேல் ஓடத் தொடங்கியவள். வாரத்தில் நாலு நாள் விடியற்காலையில் ஓடுவேன், எப்போதாவது பத்து கிலோமீட்டர் போட்டிக்குப் பெயர் கொடுப்பேன்.

அப்படி ஒரு போட்டியில் என் வயதுப் பெண்கள் பிரிவில் நாலாவதாக வந்தேன். மூன்றாவது என்று அறிவித்த பெண்ணை வழியில் நான் பார்த்த ஞாபகமே இல்லை. அப்புறம் புகைப்படங்களைத் தேடிப் பார்த்தால், அவருடைய எண்ணைச் சட்டையில் குத்திக்கொண்டு ஓடியிருப்பது அவர் கணவர்! அட்டையில் இருந்த சிப் மனைவி பெயரில் நேரத்தைப் பதிவு செய்துவிட்டது. புகார் அனுப்பினேன், பதிலே வரவில்லை. சின்ன மெடல்தான், ஆனால் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அதனால் பெண்களுக்குத் தனிப் பிரிவு எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். 800 மீட்டரில் ஆண்கள் உலக சாதனை ருடிஷாவின் 1 நிமிடம் 40.91 விநாடி. பெண்களுடையது 1983-ல் கிராடோக்விலோவா ஓடிய 1 நிமிடம் 53.28. நடுவில் 12 விநாடிக்கு மேல் இடைவெளி. பிரிவு இல்லையென்றால் இறுதிச் சுற்றில் ஒரு பெண்கூட இருக்க மாட்டாள்.

ஆனால் எனக்கு நடந்தது ஏமாற்று வேலை. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியிலிருந்து, செங்கல் சூளையில் வேலை பார்த்த பெற்றோருக்குப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கிய சாந்தி சௌந்தரராஜன் யாரை ஏமாற்றினார்? ஓடி முடித்த பிறகு, பெண்தானா என்று பரிசோதனை செய்தார்கள், தேறவில்லை என்ற முடிவு ஊர் உலகமெல்லாம் செய்தியானது, பதக்கத்தையும் பறித்துவிட்டார்கள். ஊக்கமருந்து எடுத்துப் பிடிபட்டவரைப் போலத்தான் அவரைப் பற்றிப் பேசினார்கள். அன்று அவருக்குப் பின்னால் வந்தவர்களின் வலி எனக்குப் புரிகிறது, நானும் நாலாவதாக வந்தவள்தான். ஆனால் அந்த வலிக்குச் சாந்தியைக் குற்றவாளி ஆக்கியதை என்னால் ஏற்கவே முடியாது.

பெண்கள் பிரிவில் யார் ஓடலாம், யார் கூடாது என்ற கோடு எங்கே என்பதில் உலகத் தடகள அமைப்புக்கே ஒரு நிலை இருந்ததில்லை. ஆண்களிடம் அதிகமாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனுக்கு, பெண்கள் பிரிவில் ஓடுபவரின் ரத்தத்தில் வைத்த வரம்பு 2011-ல் லிட்டருக்கு 10 நானோமோல், 2018-ல் அறிவித்த விதியில் சில ஓட்டங்களுக்கு மட்டும் 5, 2023-ல் எல்லாப் போட்டிகளுக்கும் 2.5. நடுவில் 2015-ல் இந்திய ஓட்டக்காரி டூட்டி சந்த் தொடுத்த வழக்கில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்த 2011 விதியையே நிறுத்தி வைத்தது. 2025 செப்டம்பரிலிருந்து எஸ்ஆர்ஒய் என்ற, கருவை ஆணாக வளரத் தூண்டும் மரபணு இருக்கிறதா என்று பரிசோதனை, வாழ்நாளில் ஒரு முறை செய்தால் போதுமாம்.

சரி, கோடு எங்கே என்பதை விஷயம் தெரிந்தவர்கள் முடிவு செய்யட்டும். எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்பதில்தான் எனக்குப் பிடிவாதம். 800 மீட்டரில் முதல் வளைவு முடியும் வரை அவரவர் பாதையில் ஓட வேண்டும், அதன் பிறகுதான் உள்பக்கம் வரலாம். அந்தக் கோடு துப்பாக்கி வெடிக்கும் முன்பே தரையில் இருக்கிறது. ஓடி முடித்த பிறகு யாரும் வரைவதில்லை. பரிசோதனை வேண்டுமென்றால் மாநிலப் போட்டிக்குப் போகும் முன்பே, ஓடும் பெண்ணுக்குப் புரியும் மொழியில் ஒரு டாக்டர் உட்கார்ந்து பேசி, அவள் சம்மதித்து, முடிவை அவளிடம் மட்டும் சொல்லிச் செய்யட்டும். அப்புறம் அவளை நடுத்தெருவில் விடாமல் படிப்புக்கோ வேலைக்கோ வழியும் செய்து கொடுக்க வேண்டும்.

இந்த விதிகள் எல்லாம் பெரிய போட்டிகளுக்கு என்கிறார்கள். கீழே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நான் ஓடும் மைதானத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண் 800 ஓடுகிறாள். நல்ல உயரம், முடியை ஒட்ட வெட்டியிருப்பாள். ஒருநாள் அவள் முதலாவதாக வந்ததும், இன்னொரு பிள்ளையின் அப்பா, "இது பொண்ணுதானா, செக் பண்ணீங்களா சார்?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். பயிற்சியாளர் அவரைக் கடிந்து வெளியே அனுப்பினார். அடுத்த நாலு நாள் அவள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தாள், காதில் பெரிய ஜிமிக்கியோடு. இரண்டு சுற்று முடியும் வரை அது அவள் கன்னத்தில் அடித்துக்கொண்டே இருந்தது.