அண்ணாச்சி, உட்காருங்க

நேயர்களுக்கு வணக்கம். மனநல வார்டில் பல வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனநோயாளிகளை ஆஸ்பத்திரியில் அடைத்து வைக்காமல் ஊரிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று பேச்சு வந்தால், முதலில் முகம் சுளிப்பது யார் தெரியுமா? எங்களைப் போன்ற ஊழியர்கள்தான்.

நானும் சுளித்தேன். வார்டில் கதவுக்குப் பூட்டு உண்டு, கூப்பிட்டால் டாக்டர் வருவார். மாத்திரை போட்டார், தூங்கினார் என்று நோட்டில் எழுதிவிட்டால் என் பாடு முடிந்தது. ஊரில் ஒருத்தர் மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டை விட்டுப் போய்விட்டால்? ராத்திரி எனக்கல்லவா போன் வரும்! சோம்பல் என்பார்கள் எங்களை. சோம்பல் இல்லை, பயம்.

"ஆஸ்பத்திரிக்கு வெளியே என்றால் ஏர்வாடிதானே?" என்பார் கூட வேலை பார்த்த ஒருவர். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் பக்கத்து அந்த ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்த 28 பேர் இறந்தார்கள். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் அதுவும் ஓர் அடைப்புதான், டாக்டர் இல்லாத அடைப்பு. 2017 மனநலச் சட்டம் சங்கிலியை அடியோடு தடுக்கிறது. வீட்டார் சேர்க்கவில்லை என்பதற்காக ஒருவரை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. சரி, சட்டம் சொல்லிவிட்டது. ஊரில் இருப்பவர்களுக்கு மாத்திரை கொடுக்கிற முகாமுக்கு மருந்து வர வேண்டாமா? ஒரு தடவை இரண்டு மாசம் வரவே இல்லை. வந்தவர்களிடம் கைவிரித்தது நான்தான்.

என் மனசை மாற்றியது சட்டம் இல்லை. சேரன்மகாதேவி பக்கம் ஒருவருக்கு மாசாந்திர ஊசி போடப் போனேன். வார்டில் அவர் எனக்கு ஆறாம் நம்பர் கட்டில். "ஏ, எந்திரி", "ஏ, உட்காரு" என்றுதான் பேசியிருக்கிறேன். அன்றைக்குத் திண்ணையைத் துண்டால் தட்டிவிட்டு, "அண்ணாச்சி, உட்காருங்க" என்றார். கருப்பட்டிக் காப்பி வந்தது. அவர் வீட்டில் எனக்கு அதிகாரம் ஒன்றும் கிடையாது என்பது அந்தத் திண்ணையில்தான் உறைத்தது. கூச்சமாக இருந்தது. எங்களில் பலர் தயங்குவதற்கு அந்தக் கூச்சமும் ஒரு காரணம், வெளியே சொல்ல மாட்டோம்.

ஊசி போட்டு முடித்து, அடுத்த தேதியைச் சொன்னேன். தினசரிக் காலண்டரைப் புரட்டிப் பார்த்தார்.

"அன்னைக்கு வாழைக்குத் தண்ணி பாய்க்கிற முறை. மறுநாள் வாங்க அண்ணாச்சி."

டைரியில் தேதியை அடித்துத் திருத்திக்கொண்டேன்.