கூரை யாருடையது?

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

இந்த மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கிறீர்கள். மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் போகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஐதரசனுக்கும் வெயிலுக்கும் காற்றுக்கும் அரசாங்கங்கள் கொட்டுகிற பணத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் இதில் விஞ்ஞானம் கால்வாசி. மிச்சம் முக்கால்வாசியும் அரசியல்.

நான் பிறந்த லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே இருக்கிறது. எங்கள் கூரைக்கு மேலால் பெரிய கரண்ட் கம்பி போகும். மழை இரவுகளில் அது விடாமல் இரையும். நாங்கள் கீழே இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், குப்பி விளக்கை வைத்துக்கொண்டு படிப்போம். மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட போத்தல்தான் விளக்கு. அம்மா பழைய சேலையைக் கிழித்துத் திரி போடுவார். மண்ணெண்ணெயை அளந்துதான் ஊற்றுவார், பரீட்சை நாட்களில் மட்டும் கொஞ்சம் கூட. காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். கொழும்புக்குப் போகிற வெளிச்சம் தலைக்கு மேலே, அதன் கீழே எங்களுக்குக் கரி. நான் ஆசிரியராகி இரண்டு வருடம் கழித்துத்தான் எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்தது. பில் அப்போதும் தோட்டத்தின் பெயரில்தான் வந்தது.

இந்த நாட்டை முதலில் ஓட்டிய புதுப்பிக்கத்தக்க சக்தி நம்முடைய மலைத் தண்ணீர்தான். விமலசுரேந்திர என்ற பொறியியலாளர், இந்த ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம், அது லாபமாகவும் இருக்கும் என்று 1918-இலேயே கட்டுரை வாசித்தார். 1924-இல் வேலை தொடங்கியது. பணம் இல்லை என்று சில வருடங்களில் நிறுத்திவிட்டார்கள். லக்ஷபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1950-இல். கட்டுரைக்கும் இதற்கும் நடுவில் 32 வருடம். அந்த 32 வருடமும் தண்ணீர் விழுந்துகொண்டேதான் இருந்தது. மனம் வர வேண்டியிருந்தது அரசாங்கத்துக்கு.

சரி, 1950-இல் நம்முடைய தாத்தா பாட்டிகளின் நிலை என்ன? 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. அடுத்த வருடம் வாக்கும் போனது. வாக்கு இல்லாதவர் வீட்டுக்குக் கம்பி இழுக்க எந்த அரசியல்வாதிக்கு அவசரம்? 1965-இல் காசல்ரீ, 1969-இல் மவுசாகலை என்று அணைகள் வந்தன. பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. கோடையில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் இன்றும் வெளியே தெரிகிறது, நீங்கள் எல்லோரும் போய்ப் பார்த்திருப்பீர்கள். அப்புறம் மேல் கொத்மலை, யப்பான் கடனில் கட்டிய 150 மெகாவொட் திட்டம், 2012-இல் திறந்தார்கள். தலவாக்கலையில் லயங்களும் கடைகளும் இடம் மாறின. சென்கிளேயர் அருவி மெலிந்துபோனது. மலையகக் கட்சிகள் முதலில் எதிர்த்தன, பிறகு இணங்கின. இணங்கியபோது அந்த மின்சாரத்தின் வருமானத்தில் மலைக்கு ஒரு பங்கு என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும். அன்று கேட்காமல் விட்டது நம்முடைய பிழையும்கூட.

இப்போது வெயிலுக்கு வருவோம். 2016-இல் அரசாங்கம் சூரிய பல சங்கிராமய என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. வீட்டுக் கூரையில் சோலர் பெனல் போட்டுக் கரண்டை மின்சார சபைக்கு விற்கலாம் என்றார்கள். முதல் 7 வருடம் யூனிட்டுக்கு 22 ரூபாய், அடுத்த 13 வருடம் 15 ரூபாய் 50 சதம் என்பது அன்றைய விலை. நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாடு முழுவதும் கூரைகளில் ஆயிரம் மெகாவொட்டுக்கு மேல் ஏறியது இதனால்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். வெயில் நன்றாக விழுகிற ஊரில் 5 கிலோவொட் பெனல் மாதம் சுமார் 600 யூனிட் தரும். 22 ரூபாய்ப்படி 13,200 ரூபாய். அதே 2016-இல் ஒப்பந்தம் போட்டு நம்மவர்களுக்குக் கொடுத்த நாட்சம்பளம், எல்லாம் சேர்த்து 730 ரூபாய். கூரை ஒரு மாதத்தில் உழைத்தது, ஓர் அம்மா 18 நாள் பேர் போட்டு, அட்டைக் கடியில் கொழுந்தெடுத்து உழைத்ததுக்குச் சமம். அந்த 22 ரூபாயை மின்சார சபை கொடுத்தது என்றால், அது எல்லோருடைய பில்லிலிருந்தும் வந்த பணம். லயத்தில் ஒரு பல்ப் எரிப்பவரும் அதில் பங்கு கொடுத்தவர்தான்.

அப்படியானால் லயத்துக் கூரையிலும் போடலாமே? என்னிடம் படித்த தம்பி ஒருவர் கொழும்பில் நல்ல வேலையில் இருக்கிறார். தோட்டத்தில் இருக்கிற அண்ணன் வீட்டுக்கு சோலர் போட்டுக் கொடுக்க ஆசைப்பட்டார். காசும் சேர்த்துவிட்டார். போன இடத்தில் கேட்ட முதல் கேள்வி: "வீட்டு உறுதிப் பத்திரம் இருக்கா?" உறுதி இல்லை. "மீட்டர் யார் பேரில்?" அதுவும் அண்ணன் பேரில் இல்லை. தோட்டத்திலிருந்து கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். ஒபிசுக்கும் பங்களாவுக்கும் ஏழு மாதம் நடந்தார். கடிதம் கிடைக்கவில்லை. அந்தக் காசில் கடைசியில் கூரைக்குப் புதுத் தகரம் மாற்றினார். அந்தத் தகரத்தை நான் போய்ப் பார்த்தேன். தெற்குப் பார்த்த கூரை, மரநிழல் கிடையாது. மூடுபனி விலகிவிட்டால் காலை ஒன்பதிலிருந்து வெயில் அப்படியே அதன்மேல்தான் விழுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்ட நிலத்தில் பெரும்பகுதி கம்பெனிகளுக்குச் சொந்தமானது அல்ல, அரசாங்கத்தின் நிலம். 1992-இல் தோட்டங்களைக் கம்பெனிகளிடம் கொடுத்தபோது நிலத்தைக் குத்தகைக்குத்தான் கொடுத்தார்கள். அரசாங்கத்தின் நிலத்தில் நிற்கிற வீடு, அரசாங்கத்தின் மானியம். இரண்டும் ஒரே கையில் இருக்கும்போது நடுவில் ஒரு கடிதம் எப்படி வந்து குறுக்கே நிற்கிறது? 7 பேர்ச்சஸ் காணியும் உறுதியும் என்று நாம் கேட்பதை வீட்டுப் பிரச்சினை என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அது மின்சாரப் பிரச்சினையும்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்றார்கள். குரங்கு பாய்ந்தது சரி, நாடே இருண்டது ஏன்? விடுமுறை நாளில் கரண்ட் பாவனை குறைவு, வெயில் அதிகம், கரண்டின் சமநிலையைத் தாங்கிப் பிடிக்கிற பெரிய இயந்திரங்கள் குறைவாக ஓடின. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு நேரம், பகலில் சோலரை நிறுத்தி வையுங்கள் என்று வீட்டுக்காரர்களிடமே கேட்டார்கள். பெனலுக்குக் கொடுத்த கவனத்தை அந்தக் கரண்டைச் சேமித்து வைக்கிற வழிக்கு யாரும் கொடுக்கவில்லை. பகலில் மிஞ்சுகிறது, இரவு ஏழு மணிக்கு அடுப்பும் டிவியும் ஓடும்போது நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தைத்தான் நம்பியிருக்கிறோம்.

இந்த இடத்தில்தான் ஐதரசன் வருகிறது. மிஞ்சிய கரண்டால் தண்ணீரை மின்பகுப்புச் செய்தால், அதாவது கரண்ட் பாய்ச்சிப் பிரித்தால், ஐதரசன் கிடைக்கும். பத்தாம் வகுப்பில் இரண்டு பென்சில் கரியையும் ஒரு பற்றரியையும் வைத்துச் செய்து காட்டியிருக்கிறேன். குமிழி வரும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஆனால் ஒரு கிலோ ஐதரசனுக்கு 50 யூனிட்டுக்கு மேல் கரண்ட் வேண்டும். அந்த ஒரு கிலோவை எரிபொருட்கலத்தில் போட்டுத் திரும்பக் கரண்டாக எடுத்தால் 20 யூனிட்கூடக் கிடைப்பது கஷ்டம். பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். அதே 50 யூனிட்டில் கீழே இருக்கிற தண்ணீரை மேலே இறைத்து வைத்து, இரவில் திறந்துவிட்டால் 35, 40 யூனிட் திரும்பி வரும். அதற்குத்தான் அரநாயக்க, நாவலப்பிட்டிப் பக்கம் 600 மெகாவொட்டில் மகா ஓயாத் திட்டம் பேசப்படுகிறது. அது வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் 2016-இல் அரநாயக்கவில் மலை சரிந்து ஆட்கள் புதைந்ததை மறக்க முடியாது. உமா ஓயாச் சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளையில் கிணறுகள் வற்றி, வீட்டுச் சுவர்கள் வெடித்ததையும் மறக்க முடியாது. முதலில் மண்ணைப் பார்க்கட்டும். மலைக்குக் கீழே குடியிருப்பவர்களோடு பேசட்டும். கையெழுத்து அப்புறம்.

அப்படியானால் உலகம் ஏன் ஐதரசனுக்கு இவ்வளவு பணம் கொட்டுகிறது? ஜெர்மனி 2020-இல் 9 பில்லியன் யூரோ ஒதுக்கியது. இந்தியா 2023-இல் 19,744 கோடி ரூபாய். அமெரிக்கா 2022-இல் சுத்தமான ஐதரசன் கிலோவுக்கு 3 டொலர் வரை வரிச்சலுகை என்று சட்டம் போட்டது. ஆட்சி மாறியது. 2028-க்கு முன் வேலை தொடங்காதவர்களுக்குக் கிடையாது என்று 2025-இல் அதை வெட்டிவிட்டார்கள். இதே அமெரிக்காவில் 2003-இலும் ஐதரசன் காருக்கு 1.2 பில்லியன் டொலர் என்று ஜனாதிபதி அறிவித்தார். அந்தக் கார்கள் எங்கே? மானியத்தை நம்பி முதலீடு செய்கிறவன் அடுத்த தேர்தலையும் நம்ப வேண்டியிருக்கிறது. பணக்கார நாடு அந்த நட்டத்தைத் தாங்கும். 2022-இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்த நாடு தாங்காது.

ஆனாலும் ஐதரசன் நமக்கு வேண்டாத விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். இன்று உலகத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 100 மில்லியன் தொன் ஐதரசன் தயாரிக்கிறார்கள். பெரும்பகுதி எண்ணெய் சுத்திகரிப்புக்கும் அமோனியாவுக்கும் போகிறது. அமோனியாவிலிருந்து யூரியா. யூரியா எங்கே வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மூட்டையைத் தலையில் வைத்து மலையேறியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். 2021-இல் இரசாயன உரத்துக்கு ஒரே இரவில் தடை வந்தது. அந்த வருடம் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை, அடுத்த வருடம் 251 மில்லியனுக்கு இறங்கியது. கொழுந்து இல்லாத மலையில் நிறை இல்லை, நிறை இல்லாவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். தடை நீங்கிய பிறகு, 2022-இல், ஒரு மூட்டை யூரியா முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டியது. அதற்கு ஒரு முக்கிய காரணம், அந்த ஐதரசன் வெளிநாட்டு எரிவாயுவிலிருந்து வருகிறது. எரிவாயு விலை ஏறினால் நம்முடைய தேயிலைச் செடியின் இலை மஞ்சளாகிறது.

ஆகவே அரசாங்கம் ஐதரசனுக்குப் பொதுப்பணம் செலவழிப்பதானால் உரத்தில் தொடங்கட்டும். இது புதுமையான யோசனையும் அல்ல. பஞ்சாபில் நங்கல் என்ற இடத்தில் 1960-களிலேயே பக்ரா அணையின் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து உரம் செய்தார்கள். அதற்கும் முன்பே நோர்வேயில் செய்தார்கள். அணையும் உரமும் பழைய உறவுக்காரர்கள். வெளிநாட்டுக் கப்பலில் ஏற்றி அனுப்புவதற்காக நம்முடைய காற்றையும் வெயிலையும் ஐதரசனாக்கலாம் என்று யாராவது வந்தால் ஒன்றைக் கேளுங்கள்: நுரைச்சோலையில் நிலக்கரி எரிந்துகொண்டிருக்கும்போது நல்ல கரண்டை ஏன் கப்பலில் ஏற்றுகிறீர்கள்? முதலில் நம்முடைய இரவு வெளிச்சம். அடுத்து உரம். கப்பலைப் பிறகு பார்க்கலாம்.

2030-இல் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டின் இலக்கு. அதற்குக் கடன் வரும், மானியம் வரும், யாருடைய கூரை, யாருடைய மலை என்று தேடிக்கொண்டும் வருவார்கள். இங்கே இருக்கிற பிரதேச சபை உறுப்பினர்களிடம் நான் கேட்பது இதுதான். தோட்டப் பாடசாலைகள், பிள்ளை மடுவங்கள் என்கிற குழந்தைக் காப்பகங்கள், லயங்கள், புது வீடுகள், இவற்றின் கூரைகளை ஒரு சங்கத்தின் பெயரில் பதியுங்கள். வருகிற வருமானம் அந்தச் சங்கத்துக்கு. இது நடக்கிற காரியம்தான். உலக வங்கிக் கடன் திட்டத்தில், தங்கள் ஓடையில் தாங்களே சிறு மின்நிலையம் கட்டி, சங்கமாக நடத்திய கிராமங்கள் இந்த நாட்டில் நூற்றுக்கு மேல் இருந்தன. அவர்களிடம் நம்மைவிடக் கூடுதலாக இருந்தது காலடியில் இருந்த நிலம்தான்.

நேரம் ஆகிவிட்டது. அடுத்த மாதம் இதே மண்டபத்தில் கூடுவோம் என்று சொன்னார்கள். வரும்போது உங்கள் வீட்டு கரண்ட் பில்லைக் கொண்டுவாருங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுவோம். உங்கள் பெயர் இல்லாத பில்களை எல்லாம் சேர்த்துக் கட்டி, நானே பஸ் ஏறிக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

வணக்கம்.