உருண்டை கோணலாகவே இருக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

கேக் செய்யும்போது வீட்டுக் குழந்தைக்கு என்ன வேலை கிடைக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? மாவைக் கொஞ்சம் சலிக்கும், கரண்டியை நாலு சுற்றுச் சுற்றும், அவ்வளவுதான். ஓவன் கதவு மூடியதும் பலகாரம் பெரியவர்கள் கைக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு குழந்தை காதில் விழுவதெல்லாம் ‘தள்ளி நில்லு, சுடும்' என்பதுதான். பாவம், அதுவும் தள்ளித்தான் நிற்கும், கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு.

ஓவன் வேண்டாத இனிப்புகளில் இந்தத் தள்ளி நிற்றல் இல்லை. பிஸ்கட்டை நொறுக்குவது, பிசைவது, உருட்டுவது, அலங்கரிப்பது, டப்பாவில் அடுக்குவது என்று முதலிலிருந்து கடைசி வரைக்கும் குழந்தையின் கைதான். குளிர்கால விடுமுறையில், பண்டிகைக்கு முந்தைய நாட்களில், குழந்தைகளோடு உட்கார்ந்து நான் பல வருடங்களாகச் செய்து வருவது இதைத்தான். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பேனாவும் தாளும் பக்கத்தில் இருந்தால் நல்லது, அளவுகளை மெதுவாகச் சொல்கிறேன்.

முதலில் பனி உருண்டை. இதற்கு அடுப்பே வேண்டாம். சாதாரண பிஸ்கட் 250 கிராம், உலர்ந்த தேங்காய்த்துருவல் 100 கிராம், 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின். மேலே புரட்டி எடுக்க இன்னும் கொஞ்சம் துருவல் தனியாக இருக்கட்டும். பிஸ்கட்டைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி வாயை மூடி, சப்பாத்திக் கட்டையோடு குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று வயதுக் குழந்தைகூடச் செய்யலாம். மிக்சியில் போட்டால் பத்து விநாடியில் முடிந்துவிடுமே என்று தோன்றும். முடியட்டும், ஆனால் தட்டி நொறுக்கும் சந்தோஷம் போய்விடும். அங்கங்கே சிறு துண்டுகள் கிடந்தால் உருண்டை வாயில் கொஞ்சம் மொறுமொறுப்பாக இருக்கும், அதுவும் நல்லதுதான்.

நொறுக்கிய பிஸ்கட்டில் துருவலைக் கலந்து, டின்னில் முக்கால் பங்கை முதலில் ஊற்றுங்கள். முழுவதையும் ஒரேயடியாக ஊற்றிவிட வேண்டாம். ஒவ்வொரு பிஸ்கட்டும் ஒவ்வொரு அளவு ஈரத்தை உறிஞ்சும். கையில் பிடித்தால் உருண்டை நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியைச் சேர்க்கலாம். இந்த இடத்தில் பலரும் அவசரப்பட்டு உடனே உருட்டத் தொடங்குவார்கள். கலவை கையெல்லாம் ஒட்டும், குழந்தை சலித்துப்போகும். பாத்திரத்தை மூடி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அந்த நேரத்தில் பிஸ்கட் தூள் பாலின் ஈரத்தை இழுத்துக்கொண்டு கலவை இறுகிவிடும். ஓவன் செய்யும் வேலையை இங்கே நேரம் செய்கிறது. அப்புறம் ஒரு சிறு நெல்லிக்காய் அளவு எடுத்து உருட்டி, தேங்காய்த்துருவலில் புரட்டினால் பனி உருண்டை தயார். இந்த அளவுக்கு 25 முதல் 30 உருண்டைகள் வரும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. உறவினர்களுக்குக் கொடுப்பதற்காக இந்த உருண்டைகளை அவளே செய்தாள். ஒன்று பெரியது, ஒன்று சின்னது, ஒன்று முட்டை போல. அவள் தூங்கிய பிறகு டப்பாவைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்து, ஒரே அளவில் அழகாக உருட்டி, புதிதாகத் துருவலில் புரட்டி வைத்தேன். கொடுக்கப்போகிற இடத்தில் நன்றாக இருக்க வேண்டுமே என்ற எண்ணம். காலையில் அவள் டப்பாவைத் திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அம்மா, இது நான் செஞ்சது இல்லை. நான் செஞ்சதுல குழி இருந்துச்சு” என்றாள். ஒவ்வொரு உருண்டையிலும் கட்டைவிரலால் ஒரு குழி அழுத்தி வைத்திருக்கிறாள். எனக்கு அது கவனக்குறைவாகத் தெரிந்தது. அவளுக்கு அது கையெழுத்து. அன்றைக்கு அவள் அழவில்லை. ஆனால் டப்பாவை எடுத்துக்கொண்டு என்னோடு வர மறுத்துவிட்டாள். அதற்குப் பிறகு எந்தக் குழந்தை செய்த எதையும் நான் திருத்தியதில்லை.

சரி, சாக்லேட்டுக்கு வருவோம். பண்டிகைக் கால இனிப்பில் சாக்லேட் இல்லாமல் முடியாது. பிரச்சினைகளும் பெரும்பாலும் இதில்தான் வரும். சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும். நம் உடல் வெப்பம் 37 டிகிரி. வாயில் வைத்ததும் சாக்லேட் கரைவது இதனால்தான். ஓடியாடிவிட்டு வந்த குழந்தையின் உள்ளங்கையில் அது குழைந்துபோவதும் இதனால்தான். ‘ஏன் இப்படிக் கையெல்லாம் பூசிக்கொள்கிறாய்' என்று குழந்தையைக் கடிந்துகொள்ள வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் கையை நனைத்து, ஈரம் இல்லாமல் நன்றாகத் துடைத்துவிட்டு உருட்டச் சொல்லுங்கள். நாலைந்து உருண்டைக்கு ஒருமுறை இப்படிச் செய்தால் போதும்.

ஈரம் இல்லாமல் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உருகிய சாக்லேட்டில் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், அதிலுள்ள சர்க்கரைத் துகள்கள் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி, முழுவதும் மணல் மாதிரித் திரண்டுவிடும். ஈரக் கரண்டி, சரியாகத் துடைக்காத பாத்திரம், கீழே கொதிக்கும் நீரிலிருந்து எழும் ஆவி, எல்லாமே இதைச் செய்யும். அப்படித் திரண்டுவிட்டால் தூக்கிப் போட வேண்டாம். சூடான பாலைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள், மறுபடி வழவழப்பாகும். இனி அது பாளமாக உறையாது. ஆனால் பிஸ்கட் தூளைச் சேர்த்துப் பிசைந்தால் அருமையான உருண்டையாகும். குழந்தைகளுக்கு நான் இதை வேண்டுமென்றே ஒருமுறை செய்து காட்டுவேன். ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் சாக்லேட், அதில் ஒரு சொட்டுத் தண்ணீர். அவர்கள் கண் விரிவதைப் பார்க்க வேண்டும்.

உருக்கும் வேலை மட்டும் பெரியவர்களுடையது. அகலமான பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரைச் சூடாக்கி அடுப்பை அணைத்துவிட்டு, அதன் மேல் கிண்ணத்தை வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. மைக்ரோவேவ் என்றால் 20 விநாடிக்கு ஒருமுறை எடுத்துக் கிளற வேண்டும். சாக்லேட் உருகிய பிறகும் துண்டு வடிவத்திலேயே நிற்கும். பார்ப்பதற்கு உருகாதது போலத் தோன்றும், கிளறினால்தான் தெரியும். வெள்ளைச் சாக்லேட் சீக்கிரம் அடிப்பிடித்துவிடும், அதற்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

இப்போது சாக்லேட் பாளம். குழந்தைகளுக்கு என்னைக் கேட்டால் இதைவிடச் சிறந்த பண்டிகை வேலை கிடையாது. 200 கிராம் சாக்லேட்டை உருக்கி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் ஊற்றிப் பரப்புங்கள். அரை சென்டிமீட்டர் கனத்தில் பரப்பினால் அது ஏறக்குறைய ஏ4 தாளில் பாதி அளவுக்கு வரும். உடனே குழந்தையை அழைத்து, எதிரே கிண்ணங்களை வையுங்கள். உலர்ந்த திராட்சை, பொடித்த பாதாம், உலர்ந்த ஆரஞ்சுத் தோல், நொறுக்கிய புதினா மிட்டாய், உப்பு பிஸ்கட் துண்டுகள். எதை எங்கே போட வேண்டும் என்று சொல்லாதீர்கள். ஒரு குழந்தை எல்லாத் திராட்சையையும் ஒரே மூலையில் குவிக்கும், இன்னொன்று வரிசை பிடித்து அடுக்கும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் உறைந்துவிடும். பிறகு கையால் உடைப்பது இருக்கிறதே, அந்த ‘படக்' சத்தத்துக்காகவே இன்னொரு பாளம் செய்யச் சொல்லிக் கேட்பார்கள்.

வீட்டில் இப்படி உருக்கி உறைய வைத்த பாளத்தின் மேல் சில நாளில் வெளிறிய பூச்சு தெரியலாம். பூஞ்சை என்று பயந்து எறிந்துவிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது சாக்லேட்டின் கொழுப்பு மேலே வந்து படிவதுதான், தாராளமாகச் சாப்பிடலாம். கோகோ வெண்ணெய் ஆறு வகைப் படிகங்களாக உறையக்கூடியது. கடைச் சாக்லேட்டின் பளபளப்புக்கு அவற்றில் ஒன்றுதான் காரணம், அந்த ஒன்றைக் கொண்டுவர வெப்பத்தை டிகிரி பார்த்து ஏற்றி இறக்க வேண்டும். குழந்தைகளோடு செய்யும்போது அந்தச் சிரமம் வேண்டாம் என்பேன். காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்ச்சியாக வைத்து, ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

பேரீச்சம்பழ உருண்டை அதைவிட எளிது. கொட்டை நீக்கிய பழம் 200 கிராம், ஓட்ஸ் 100 கிராம், கோகோ பொடி 2 மேசைக்கரண்டி. பழம் கெட்டியாக இருந்தால் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடித்துக்கொள்ளுங்கள். மூன்றையும் அரைத்து உருட்ட வேண்டியதுதான். சர்க்கரை தனியாக வேண்டாம், பழத்தின் பிசுபிசுப்பே பிடித்துக்கொள்ளும்.

மார்ஷ்மெல்லோவை வெண்ணெயோடு உருக்கிப் பொரி அரிசியில் கலக்கும் இனிப்பு பலருக்குத் தெரிந்திருக்கும். 1939-இல் அமெரிக்காவின் கெலாக் நிறுவனத்தில் வேலை பார்த்த மில்ட்ரெட் டே, மலிட்டா ஜென்சன் என்ற இரண்டு பெண்கள் கண்டுபிடித்தது அது. காம்ப் ஃபயர் கேர்ள்ஸ் என்ற சிறுமிகள் அமைப்புக்கு நிதி திரட்ட உதவியிருக்கிறது. குழந்தைகளுக்காகவே பிறந்த இனிப்பு. 280 கிராம் மார்ஷ்மெல்லோ, 3 மேசைக்கரண்டி வெண்ணெய், 6 கப் பொரி. உருக்குவதும் கலப்பதும் நீங்கள், கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு தட்டில் அழுத்துவது அவர்கள். கையில் வெண்ணெய் தடவிக்கொண்டால் ஒட்டாது. பனி மனிதன், நட்சத்திரம் என்று எந்த வடிவமும் பிடிக்கலாம். மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் பாக்கெட்டைப் படித்து வாங்க வேண்டும்.

கவனமாக இருக்க வேண்டியவை சில உண்டு. பச்சை மைதாவோ கோதுமை மாவோ சேர்த்துச் சுடாமல் சாப்பிடும் செய்முறைகளைத் தயவுசெய்து தவிருங்கள். மாவு பார்ப்பதற்குச் சுத்தமாக இருந்தாலும் அது சமைக்காத பொருள், அதில் சால்மொனெல்லா, ஈ கோலை போன்ற கிருமிகள் இருக்கலாம். பச்சை முட்டையும் அப்படியே. பிஸ்கட் தூள் ஏற்கெனவே சுட்டது என்பதால்தான் மாவுக்குப் பதிலாக அதை வைத்தே சொன்னேன். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழு முந்திரி, பாதாம் தர வேண்டாம், தொண்டையில் சிக்கும். கெட்டி மிட்டாயையும் நன்றாகப் பொடித்துத்தான் போட வேண்டும். மினுமினுப்புத் தூள் வாங்கினால் ‘உண்ணத் தகுந்தது' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ‘நச்சற்றது' என்று மட்டும் இருந்தால் அது சாப்பிடுவதற்கானது அல்ல. சர்க்கரைப் பாகு காய்ச்சும் இனிப்புகளைச் சின்னக் குழந்தைகளோடு செய்யாதீர்கள். கொதிக்கும் தண்ணீரைவிடப் பாகின் சூடு அதிகம், தோலில் ஒட்டிக்கொண்டு விலகாது.

குழந்தைகளுக்கு இதில் கஷ்டமான பகுதி ஃப்ரிட்ஜ் கதவு மூடியிருக்கும் நேரம்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கக் கேட்பார்கள். அந்த நேரத்துக்கு வேறு வேலை கொடுத்துவிடுங்கள். டப்பாவில் ஒட்டும் சீட்டை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். செய்தவர் பெயர் ஒரு பக்கம், என்னென்ன போட்டிருக்கிறது என்பது இன்னொரு பக்கம். பால், கொட்டைப் பருப்பு, கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். எழுதத் தெரியாத குழந்தை படம் வரையட்டும். ஒரு பாதாம், ஒரு பால் டம்ளர், எல்லாருக்கும் புரியும்.

பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் மிச்சத்தைக் கழுவப் போட்டுவிடாதீர்கள். பச்சை மாவும் இல்லை, பச்சை முட்டையும் இல்லை. கரண்டியோடு குழந்தையிடமே கொடுத்துவிடலாம்.

நன்றி, வணக்கம்.