டிரேஸ் கொடுக்கும் பணம்

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இன்று நான் பேச வந்திருக்கும் மனிதர் வில்லெம் டிரேஸ். 1948 முதல் 1958 வரை நெதர்லாந்தின் பிரதமராக இருந்தவர். 2004இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் டச்சுக்காரர்களிலேயே பெரியவர் யார் என்று மக்களிடம் வாக்கு கேட்டார்கள். டிரேஸுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. ஓவியர்கள் ரெம்பிராண்டும் வான் கோவும் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள். அப்படி என்ன செய்துவிட்டார் இந்த மனிதர்?

1886இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். அப்பா வங்கி ஊழியர். பையனுக்கு ஐந்து வயதாகும்போதே இறந்துபோனார். டிரேஸும் வணிகப் பள்ளியில் படித்துவிட்டு வங்கி வேலைக்குத்தான் போனார். ஆனால் அவருக்குச் சுருக்கெழுத்து நன்றாக வரும். அதை நம்பி வங்கியை விட்டார். 1907 முதல் 1919 வரை நாடாளுமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். பேச்சை நம்பி அரசியலுக்கு வருகிறவர்கள் உண்டு. இவர் பிறர் பேச்சை எழுதி எழுதியே அரசியலைப் படித்தவர். எந்த வாக்குறுதி சட்டமாகிறது, எது கைதட்டலோடு கரைந்துபோகிறது என்று பன்னிரண்டு ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவர் பிற்காலத்தில் அளந்து அளந்து பேசியதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்து, 1913இல் ஹேக் நகரமன்ற உறுப்பினர் ஆனார். 1919 முதல் அந்த நகர நிர்வாகத்திலேயே பொறுப்பு வகித்தார். முதலில் சமூக நலம், பிறகு நிதி. 1933இல் நாடாளுமன்றம். 1940இல் ஜெர்மானியர் நாட்டைப் பிடித்தார்கள். டச்சுக் காலனியான கிழக்கிந்தியத் தீவுகளில், அதாவது இன்றைய இந்தோனேசியாவில், ஜெர்மானியர்களை அடைத்து வைத்ததற்குப் பழிவாங்க, நெதர்லாந்தில் முக்கியமானவர்களைப் பிணையாகப் பிடித்தார்கள். அதில் டிரேஸும் ஒருவர். ஜெர்மனியில் இருந்த புக்கன்வால்ட் வதைமுகாமில் ஓராண்டு இருந்தார். உடல்நிலை கெட்டதால் 1941இல் விட்டார்கள். வெளியே வந்தவர் ஓய்ந்துவிடவில்லை, தலைமறைவு எதிர்ப்பு வேலைகளில் இறங்கினார்.

போர் முடிந்ததும் சமூக நல அமைச்சர். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

அதுவரை நெதர்லாந்தில் வயதான ஏழை என்றால் முதலில் பிள்ளைகளிடம் போக வேண்டும். இல்லையென்றால் தேவாலயத்தின் தர்மம். அதுவும் இல்லையென்றால் கடைசியாக நகராட்சி. 1854ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் அப்படித்தான் வரிசை வைத்திருந்தது. உதவி கேட்டு வருகிறவர் தன் ஏழ்மையை ஒவ்வொரு கதவிலும் நிரூபிக்க வேண்டும். ஹேக் நகரில் நிவாரணப் பொறுப்பைக் கையில் வைத்திருந்த டிரேஸ் இதை அருகிலிருந்து பார்த்தவர். 1947இல் ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்தார். 65 வயதைத் தாண்டியவருக்கு, வருமானம் குறைவாக இருந்தால், அரசு பணம் தரும். அந்த ஆண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து பணம் வந்தது. முதியவர்கள் அதை ஓய்வூதியம் என்று சொல்லவில்லை. டிரேஸிடமிருந்து வாங்குகிறேன் என்றுதான் சொன்னார்கள். ஏதோ அந்த மனிதர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரி!

அவசரச் சட்டத்தை எல்லோருக்குமான நிரந்தர ஏற்பாடாக்க இன்னும் பத்தாண்டு பிடித்தது. 1957 ஜனவரி முதல் தேதி முதியோர் ஓய்வூதியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்போது டிரேஸ் பிரதமர். சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுபோனவர் அமைச்சர் சூர்ஹோஃப். இதன் ஏற்பாடு எளிது. இன்று வேலை செய்கிறவரின் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து இன்றைய முதியவருக்குக் கொடுக்கிறார்கள். பணக்காரரா ஏழையா என்று யாரும் விசாரிப்பதில்லை. கோடீஸ்வரருக்கும் உண்டு, கூலிக்காரருக்கும் உண்டு. கோடீஸ்வரருக்கு எதற்கு என்று கேட்கலாம். நானும் முன்பு கேட்டிருக்கிறேன். ஆனால் எல்லோருக்கும் என்று வைத்ததால்தான் அதை வாங்குகிறவர் தலைகுனிய வேண்டியிருக்கவில்லை. பின்னால் வந்த அரசுகளும் வயது வரம்பை 67 வரை ஏற்றினார்களே தவிர, அதை எடுத்துவிடத் துணியவில்லை.

அவருடைய சிக்கனத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். போரில் சிதைந்த ஐரோப்பாவுக்கு அமெரிக்கா பணம் கொடுத்த மார்ஷல் உதவித் திட்டத்துக்காக வந்த அமெரிக்கர்கள் ஹேக்கில் அவர் வீட்டுக்குப் போனார்களாம். திருமதி டிரேஸ் தேநீரோடு ஆளுக்கு ஒரு மேரி பிஸ்கட் வைத்தாராம். பிரதமரே இப்படி வாழும் நாட்டில் நம் பணம் வீணாகாது என்று அவர்கள் முடிவு செய்தார்களாம். வரலாற்றாசிரியர்கள் இதை அவ்வளவாக நம்புவதில்லை. ஆனால் அந்த நாட்டுக்குச் சுமார் 110 கோடி டாலர் வந்தது உண்மை. அவர் ஆட்சியில் தொழிலாளர் கூலியை அரசே கட்டுப்படுத்திக் குறைவாக வைத்ததும் உண்மை. அவருடைய சமூக ஜனநாயகக் கட்சி போருக்குப் பின் தொழிலாளர் கட்சியாக மாறியிருந்தது. தொழிலாளர் கட்சிப் பிரதமர் கூலியை அடக்கி வைத்தார் என்றால் விசித்திரம்தான். தொழிற்சங்கங்களும் அதற்கு ஒத்துழைத்தன.

சரி, இப்போது சங்கடமான பக்கத்துக்கு வருவோம். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

முதியோருக்குப் பணம் கொடுத்த அதே 1947இல், ஜூலை மாதம், 1945இல் சுதந்திரம் அறிவித்திருந்த இந்தோனேசியக் குடியரசின் மீது டச்சுப் படை பாய்ந்தது. அதற்குப் 'போலீஸ் நடவடிக்கை' என்று பெயர் வைத்தார்கள். டிரேஸ் அப்போது துணைப் பிரதமர். 1948 டிசம்பர் 19ஆம் தேதி இரண்டாவது தாக்குதல் நடந்தபோது அவரே பிரதமர். குடியரசின் தலைநகரான ஜோக்ஜகார்த்தாவைப் பிடித்து, அதன் தலைவர்கள் சுகர்ணோவையும் ஹத்தாவையும் கைது செய்தார்கள். டிரேஸ் தயங்கினார், பேச்சுவார்த்தைக்கு இன்னும் அவகாசம் வேண்டும் என்றார். ஆனால் கத்தோலிக்கக் கட்சியோடு கூட்டணி உடைந்துவிடும் என்ற அச்சத்தில் கடைசியில் இசைந்தார். உலகம் கொதித்தது. 1949 ஜனவரியில் நேரு டெல்லியில் ஆசிய நாடுகளைக் கூட்டி மாநாடு நடத்தினார். ஐ.நா. பாதுகாப்பு அவை சண்டையை நிறுத்தச் சொன்னது. மார்ஷல் உதவியை நிறுத்துவோம் என்ற பேச்சு அமெரிக்காவில் எழுந்தது. அந்த ஆண்டே ஹேக்கில் வட்டமேசை மாநாடு கூடி, டிசம்பர் 27ஆம் தேதி இறையாண்மை கைமாறியது.

அந்த நான்கு ஆண்டுப் போரில் ஒரு லட்சத்துக்கு அருகில் இந்தோனேசியர்கள் இறந்திருப்பார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். டச்சுப் படையின் வன்முறை ஆங்காங்கே நடந்த அத்துமீறல் அல்ல, தொடர்ந்து திட்டமாகவே நடந்தது என்று 2022இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. அன்றே பிரதமர் மார்க் ருட்டே மன்னிப்புக் கேட்டார். தன் ஊர் ஏழைக் கிழவரின் மானத்தை அவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்ட ஒருவர், கடல் தாண்டியவர்களின் மானம் என்று வரும்போது கூட்டணிக் கணக்குப் பார்த்தார். தயங்கினார் என்பதால் அவரை நான் விடுவிக்க மாட்டேன். தயங்கியவர் கையெழுத்திலும் படை நகரத்தான் செய்கிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1953 பிப்ரவரி முதல் தேதி வடகடல் கரையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து 1,836 பேரை நெதர்லாந்தில் கொன்றது. இனி கடல் உள்ளே வராமல் தடுக்க வழி சொல்ல, மூன்று வாரத்துக்குள் டெல்டா குழுவை அமைத்தார்கள். 1956இல் அரசி ஜூலியானாவின் அரண்மனையில், நோய் தீர்ப்பவர் என்று சொல்லிக்கொண்ட ஒரு பெண்மணியால் பெரிய குழப்பம் எழுந்தபோது, முடியாட்சிக்கே ஆபத்து வராமல் சத்தமில்லாமல் சமாளித்தார். 1958 டிசம்பரில் அவர் அரசு விழுந்த காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். தற்காலிக வரி உயர்வை இரண்டு ஆண்டு நீட்டிப்பதா, ஓராண்டா என்பதுதான் சண்டை!

அப்புறமும் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். கட்சியில் இளைஞர்கள் புதிய இடதுசாரி என்று கிளம்பியது அவருக்குப் பிடிக்கவில்லை. 1971இல், எண்பத்து நான்கு வயதில், வாழ்நாள் முழுக்க இருந்த இயக்கத்தை விட்டு விலகினார். 1988 மே மாதம் ஹேக்கில் இறந்தபோது வயது 101.

இந்தோனேசியா விஷயத்தில் நான் கடுமையாகப் பேசிவிட்டதாகச் சிலருக்குத் தோன்றலாம். கேள்வி நேரம் இருக்கிறது, வாருங்கள், வாதாடுவோம். நன்றி, வணக்கம்.