பாதம் வரைந்த சிறுமி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

கலைஞரின் படைப்புக்கு அடித்தளம் கைத்தொழில் வளர்ப்பே என்பது எங்கள் கட்சி. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "பட்டறையில் வளரும் பிள்ளை கிழிசல் தைக்கத்தான் கற்கும், சிற்பம் செய்யக் கற்காது" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். கிழிசல் தைக்கும் வீட்டில் வளர்ந்து, 20-ஆம் நூற்றாண்டின் பெருஞ்சிற்பிகளுள் ஒருவரான லூயீஸ் பூர்ஷ்வாவை அவர் முன் நிறுத்துகிறேன்.

1911-இல் பாரிசில் பிறந்த லூயீஸின் குடும்பத் தொழிலே பழைய சித்திரத் திரைச்சீலைகளைப் பழுதுபார்த்து விற்பதுதான். அந்தோனி என்னும் ஊரில், பியேவ்ர் ஆற்றங்கரையில் இருந்த பட்டறையைத் தாய் ஜோசபின் கவனித்துக்கொண்டார். அடிப்பகுதி நைந்து வந்த சீலைகளில் வீரன் இருப்பான், குதிரை இருக்கும், பாதங்கள் மட்டும் இரா. மறுபடி நெய்வதற்கு அவற்றை யாராவது வரைந்து தர வேண்டும். அந்த வேலை சிறுமி லூயீஸிடம் வந்தது. எண்ணிப் பாருங்கள், அவையோரே! காலற்று நிற்கும் ஒருவன் எந்தக் காலை ஊன்றியிருப்பான், உடலின் பாரம் எங்கே இறங்கும் என்று கணித்தால்தான் அவனுக்குப் பாதம் பொருந்தும். பூவும் வீடும் வரைகிற வயதில் அந்தக் குழந்தைக்கு வாய்த்த பாடம் இது. ஆற்றில் அலசிய சீலைகளை முறுக்கிப் பிழிந்த நினைவைத்தான், பின்னாளில் தம் சிற்பங்களில் வரும் சுருள் வடிவத்தோடு அவரே இணைத்துப் பேசினார்.

அவர் பாரிசின் கலைப்பள்ளிகளிலும் பயின்றாரே என்று நண்பர் கேட்கலாம். பயின்றார், மறுக்கவில்லை. ஆனால் 1997-இல் அவர் செய்த சிலந்திச் சிற்பத்தின் கம்பிக்கூண்டில் பழைய திரைச்சீலைத் துண்டுகளல்லவா தொங்குகின்றன? எண்பது வயதைக் கடந்தபின், சேர்த்துவைத்திருந்த பழைய ஆடைகளை வெட்டித் தைத்தல்லவா உருவங்கள் செய்தார்? நண்பரே, நீங்கள் இகழ்ந்த அந்தத் தையலே அங்கே சிற்பமாயிற்று.

வாதத்தை இத்தோடு விடுகிறேன், அந்தத் தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1932-இல் ஜோசபின் இறந்தபோது மகளுக்கு 20 வயது. பாரிசின் சொர்போன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுக் கலைக்கு வந்தார். 1999-இல், 87 வயதில், 30 அடியையும் தாண்டி நிற்கும் சிலந்தி ஒன்றை உலோகத்தில் எழுப்பி, வயிற்றில் பளிங்கு முட்டைகளைச் சுமக்கவைத்து, அதற்கு 'அம்மா' என்றே பெயரிட்டார். அறுந்த வலையைச் சிலந்தி மறுபடி பின்னுவதுபோல, அறுந்ததை அலுக்காமல் இணைத்த தாய்க்கு, இறந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு ஒரு மகள் செலுத்திய காணிக்கை அது.

கிழிசல் தைத்த அந்த அம்மாவுக்காக, நடுவர் அவர்களிடம் தீர்ப்பைக் கேட்டு அமர்கிறேன். வணக்கம்.